கழித்தல் குறி

செவ்வாய்க்கிழமை பில் மெஷினில் ஒரு கட்டை செத்தது.
ஏழோ எட்டோ என்றால் அன்றைக்கே ஆள் பிடித்திருப்பார்கள்.
செத்தது கழித்தல்.
"அது இல்லாமல் வியாபாரம் நடந்தால் நல்லதுதானே"
என்றார் நிஸ்தார் முதலாளி,
வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று.

நாலாம் குறுக்குத் தெருவில்
மத்தியானத்துக்குள்
எங்களிடம் கடன்பட்டவர் எல்லோரும்
எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள்.
கம்பளைக் கடைக்காரர் தரவேண்டிய நாற்பதாயிரம்
அவருக்கு நாங்கள் தரவேண்டியதாய்த் தாளில் வந்தது.
அவர் மறுக்கவில்லை.

கோட்டையிலிருந்து ஐந்தேகால் ரயில்.
கதவோரம். ஒரு காதில் கடல்.
நாவலையில் பாதியில் விட்ட படிப்பில்
முழுதாய் மிஞ்சியிருந்தது ஒரு பக்கம்:
எண்ணுக்கு அடி பத்தாகவே இருக்க வேண்டுமென்று சட்டமில்லை.
மறைப் பத்தும் அடியாகலாம்.

முதல் இடம் ஒவ்வொன்றாய்க் கொடுக்கும்.
அடுத்தது பத்துப் பத்தாய்ப் பிடுங்கும்.
மூன்றாவது நூறு நூறாய்க் கொடுக்கும்,
நாலாவது ஆயிரமாய்ப் பிடுங்கும்.
ஓர் அடி கடல் பக்கம், ஓர் அடி காலி வீதிப் பக்கம்,
இப்படி வெறிகாரன் நடை நடந்தாலும்
எந்த நிறைவெண்ணின் வாசலுக்கும் போய்ச் சேரலாம்,
ஒவ்வொரு வாசலுக்கும் ஒரே ஒரு வழி.
குறி தேவையில்லை.

பதினைந்து இருப்பு என்றால் 195.
நூறு கொடு, தொண்ணூறு எடு, ஐந்து கொடு.
பதினைந்து கடன் என்றால் 25.
இருபது எடு, ஐந்து கொடு.
இலக்கங்களை எண்ணு:
ஒற்றை வந்தால் வரவு, இரட்டை வந்தால் பாக்கி.
கொள்ளுப்பிட்டி வருமுன்
கம்பளைக்காரரை 160000 ஆக்கிவிட்டேன்.

கூட்டல்தான் கொஞ்சம் குணக்கேடு.
ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு.
அடுத்த இடத்துக்கு அனுப்பும் ஒன்று
வாசல் தாண்டியதும் கடனாகிவிடுகிறது.
அந்த இடம் அதைத் தாங்க மாட்டாமல்
ஒன்பதாய் வீங்கி, இன்னொன்றை மேலே தள்ளுகிறது.
தங்கை புருஷன் குமரேசனுக்கு நான் கொடுத்த கைமாற்றும்
இப்படித்தான் நடந்துகொண்டது.
அதை இங்கே எழுத மாட்டேன்.

புதனும் வியாழனும் கொப்பி என் அடியில் ஓடியது.
முதலாளி புரட்டினார்.
"ஒருத்தனும் கடன்காரன் இல்லையா?"
"எண்ணிப் பாருங்கள்" என்றேன்.
பணத்தை எண்ணப் போனார்.

பிடித்தவர் நாட்டாமி மருதை.
கடையின் தேத்தண்ணிக் கணக்கில்
அவர் பேருக்கு நேரே 19.
"நான் கடனாக் குடிச்சது ஒரே ஒரு பிளேன்டீ, மிஸ்."
ஒன்றுதான் இது. பத்து எடு, ஒன்பது கொடு.
முதுகில் இருந்த மிளகாய் மூட்டையை
அவர் இறக்கவில்லை.
"ஒன்னுன்னா ஏன் ரெண்டு இலக்கம்?"
"கடன் தனியாக வராது" என்றேன்.
அதை மட்டும் உடனே ஒத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மழை.
லொறிகள் நகரவில்லை, கைவண்டிகளும் நகரவில்லை.
இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ ஒன்றைக் கொண்டுவந்து
கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.
"இதையும் எழுதுங்க."

எழுதினேன்.
ஒன்பதும் ஒன்றும் பத்து. பூச்சியம் வைத்தேன்.
மேலே போன ஒன்று
போகிற வழியிலேயே கடனாகி
அங்கே நின்ற ஒன்றோடு மோதி
இரண்டும் இல்லாமல் போயின.
பத்தொன்பதோடு ஒன்று: 0.

மருதை எட்டிப் பார்த்தார்,
தலைத் துண்டிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது.
"பத்தொன்பது எங்க போச்சு?"
நான் குடித்துக்கொண்டிருந்தேன்.
அவர் கொஞ்ச நேரம் அந்தப் பூச்சியத்தையே பார்த்தார்,
பிறகு என் கிளாஸை.

"அப்ப எனக்கும் ஒன்னு சொல்றேன்.
கணக்குல போடுங்க."

பேனையை எடுத்தேன்.
முதலில் ஒன்பது.